பாட்டில் காலியானால் காற்று ஏறுமா?

ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக உட்கார்ந்திருந்த எவரும் ஸ்டாண்டில் தொங்கும் பாட்டிலைவிட்டுக் கண்ணை எடுத்திருக்க மாட்டார்கள். மட்டம் கழுத்துக்கு இறங்கியதும் மனம் பதற ஆரம்பிக்கும். "சிஸ்டர், பாட்டில் முடியப்போகுது!" என்று வராந்தா வரைக்கும் ஓடுவோம். காலிப் பாட்டிலிலிருந்து காற்று உள்ளே இறங்கிவிடும், இறங்கினால் உயிருக்கே ஆபத்து என்ற பயம். சிஸ்டரோ கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு நிதானமாக வருவார். நமக்குக் கோபம் வரும். அவருடைய நிதானத்துக்கு இயற்பியலில் நல்ல காரணம் இருக்கிறது.

சொட்டு இறங்குவதற்கு ஒரே காரணம் உயரம். மாடித் தொட்டியிலிருந்து கீழ்வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் வருகிற மாதிரிதான். படுத்திருப்பவரின் கைக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் மேலே பாட்டில் தொங்குகிறது. அந்த ஒரு மீட்டர் நீரின் அழுத்தம் திரவத்தைக் கீழே தள்ளுகிறது. எதிரே சிரைக்குள் ஓடும் ரத்தத்துக்கும் ஓர் அழுத்தம் உண்டு. உடலெங்கும் சுற்றிய ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்தான் சிரை. "நரம்பு கிடைக்கல" என்று ஊசி போடும்போது சொல்வது இதைத்தான். கைச் சிரையின் அழுத்தம் மிகக் குறைவு. நீரின் உயரமாகச் சொன்னால் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர். ஒரு மீட்டருக்கு முன்னால் அது தாக்குப்பிடிக்காது, திரவம் உள்ளே போகிறது. பாட்டில் தீர்ந்த பிறகு குழாயில் மிச்சமிருக்கும் திரவம் மெல்ல இறங்கிக்கொண்டே வரும். அதன் உயரம் சிரையின் அழுத்தத்துக்குச் சமமாகும் இடத்தில் ஓட்டம் நின்றுவிடும். கைக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குள் திரவம் அப்படியே நிற்கும். அதற்கு மேலுள்ள காற்றை உள்ளே தள்ள எந்த விசையும் கிடையாது.

உண்மையில் நடக்கும் தொல்லை வேறு. நோயாளி கையைக் கீழே தொங்கப்போட்டால் சிரையின் அழுத்தம் கூடி, ரத்தம் குழாய்க்குள் திரும்பி ஏறும். சற்று நேரத்தில் அது உறைந்து, சிரைக்குள் செருகியிருக்கும் சிறு குழாயான கானுலாவை அடைத்துக்கொள்ளும். மறுபடியும் குத்த வேண்டிவரும். ஆகவே பாட்டில் முடியும்போது சிஸ்டரைக் கூப்பிடுவது சரிதான், பதற வேண்டியதில்லை. குழாயில் தென்படும் சிறு குமிழிகள் உள்ளே போனாலும் இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலை அடைந்து அங்கேயே கரைந்துவிடும். சாதாரண ஐ.வி. செட்டின் குழாய் முழுக்கக் காற்றாக இருந்தாலும் சுமார் 20 மில்லிதான் இருக்கும். பெரியவர் ஒருவரின் உயிரைப் பறிக்க அதைப்போலப் பல மடங்கு காற்று ஒரேயடியாகப் புக வேண்டும். பச்சிளம் குழந்தைக்கும், இதயச் சுவரில் துளை உள்ளவருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. கழுத்துச் சிரை வழியாக இதயத்துக்கு அருகில் வரை செலுத்தும் சென்ட்ரல் லைனுக்கும் பொருந்தாது. மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைகிறது. நோயாளி உட்கார்ந்திருக்கும்போது அந்தக் குழாய் திறந்துகொண்டால் காற்றை அதுவே உறிஞ்சிவிடும். அதனால்தான் அதை எடுக்கும்போது நோயாளியைத் தலை தாழப் படுக்கவைக்கிறார்கள். மருந்தேற்றும் மின்பம்பும் காற்றை அழுத்தித் தள்ளக்கூடியது என்பதால் அதற்குள் குமிழியைக் கண்டுபிடிக்கும் உணரி வைத்திருக்கிறார்கள்.

ஆக, நாம் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் ஆபத்து குறைவு. தெளிந்த நீராகத் தெரியும் திரவத்திலும், பம்பின் திரையில் ஒளிரும் எண்ணிலும், எந்தக் குழாயோடும் பொருந்திவிடும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் முனையிலும்தான் அது அதிகம். இவை ஒவ்வொன்றும் எப்படித் தெரியவந்தன என்று பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. "இனிமேல் ஜாக்கிரதையாக இரு" என்று செவிலியரிடம் சொன்னதால் குறைந்த மரணங்கள் கொஞ்சம். பாட்டிலையும் லேபிளையும் முனையையும் மாற்றியதால் குறைந்தவை ஏராளம்.

கதை 1832-இல் ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் தொடங்குகிறது. காலரா பரவிக்கொண்டிருந்தது. காலரா நோயாளியின் ரத்தம் நீரையும் உப்பையும் இழந்து கெட்டியாகிவிடுகிறது என்று ஓஷானசி என்ற இளம் மருத்துவர் சோதித்துக் காட்டியிருந்தார். இழந்ததைத் திருப்பிக் கொடுத்தால் என்ன என்று லீத்தின் மருத்துவர் தாமஸ் லாட்டா யோசித்தார். நாடி அடங்கிப்போயிருந்த ஒரு மூதாட்டியின் சிரையில் உப்புநீரைச் செலுத்தினார். குழிவிழுந்த கண்கள் ஒளி பெற்றன, முகத்தில் உயிர் திரும்பியது. அவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஆஸ்பத்திரி மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டு லாட்டா ஓய்வெடுக்கப் போனார். வயிற்றுப்போக்கு திரும்பியது, உப்புநீரை மறுபடி செலுத்த ஆளில்லை, சில மணி நேரத்தில் மூதாட்டி இறந்துபோனார். பிற்பாடு சிகிச்சை பெற்றவர்களில் சிலர் பிழைத்தார்கள். நோய்க்குக் கிருமிதான் காரணம் என்ற கருத்து நிலைபெறாத காலம் அது. சுத்திகரிக்கப்படாத நீர் ரத்தத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

கிருமிகளைப் பற்றித் தெரிந்த பிறகும் தொல்லை தீரவில்லை. நீரைக் கொதிக்கவைத்து, காய்ச்சி வடித்து ஏற்றினாலும் சிலருக்கு ஒரு மணி நேரத்துக்குள் குளிர்நடுக்கமும் காய்ச்சலும் வந்தன. 1920-களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த ஃபுளோரன்ஸ் சீபர்ட் இந்தப் புதிரைக் கையில் எடுத்தார். குழந்தைப் பருவத்திலேயே இளம்பிள்ளைவாதம் தாக்கியவர் அவர். வடித்த நீரை முயல்களுக்குச் செலுத்தி, அவற்றின் உடல் சூட்டை அளந்தார். குற்றவாளி பாக்டீரியாதான், ஆனால் செத்த பாக்டீரியா. கொதிநீரில் அவை மடிந்தாலும் அவற்றின் உறையிலிருந்து உதிரும் துணுக்குகள் அழிவதில்லை. வடிக்கும்போது ஆவியோடு சேர்ந்து தெறிக்கும் நுண்திவலைகளில் ஏறி அந்தத் துணுக்குகள் மறுபக்கம் போய்விடுகின்றன. திவலைகளைத் தடுத்துப் பிடிக்கும் ஒரு பொறியை வடிகலத்தில் பொருத்தினார், காய்ச்சல் நின்றது. இந்தத் துணுக்குகளைக் காய்ச்சலூக்கி என்று சொல்லலாம். பின்னாளில் காசநோயைக் கண்டறியும் மாண்டூ பரிசோதனைக்கான புரதத்தைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தவரும் இதே சீபர்ட்தான். நம் ஊர்ப் பிள்ளைகளின் முன்கையில் போட்டு, சிவந்து தடிக்கிறதா என்று பார்க்கிறார்களே, அந்தப் பரிசோதனை.

காய்ச்சலூக்கி இருக்கிறதா என்று பார்க்க நெடுங்காலம் முயல்களைத்தான் பயன்படுத்தினார்கள். பிறகு குதிரைலாட நண்டின் நீல ரத்தம் அந்தத் துணுக்கு பட்ட உடனே உறைந்துவிடுகிறது என்பதை ஆய்வாளர்கள் பிரெடரிக் பேங்கும் ஜாக் லெவினும் கண்டார்கள். அதிலிருந்து ஒரு சோதனைக்குழாய் முறை பிறந்தது. இன்று நண்டு இல்லாமலே அந்தப் புரதத்தைத் தயாரிக்கவும் வழி வந்துவிட்டது.

கிருமி, காய்ச்சலூக்கி இரண்டையும் நீக்கத் தெரிந்த பிறகு, எல்லாப் பாட்டிலிலும் நீக்கிவிட்டோம் என்று எப்படி உறுதி செய்வது? இந்தக் கேள்விக்கு விடை மிகுந்த விலை கொடுத்துக் கிடைத்தது. இடம், இங்கிலாந்தின் பிளிமத் நகரில் இருந்த டெவன்போர்ட் மருத்துவமனை. 1972-இல் அங்கே அறுவைசிகிச்சை முடிந்து 5 சதவீத குளுக்கோஸ் ஏற்றப்பட்ட நோயாளிகள் திடீரென்று சீர்கெட்டார்கள். ஐந்து பேரின் மரணத்துக்கு அந்தத் திரவம் காரணமானது. பாட்டிலுக்குள் பாக்டீரியா பெருகியிருந்தது. அந்தப் பாட்டில்கள் முந்தைய ஆண்டு தொழிற்சாலையில் முறைப்படி ஆட்டோகிளேவ் என்ற கிருமிநீக்கும் கலனில் வைக்கப்பட்டவை, சோதனையிலும் தேறியவை.

கிளாதியர் என்பவர் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு ஆட்டோகிளேவை ஆராய்ந்தது. ஆட்டோகிளேவில் அழுத்தத்தோடு நீராவியை நிரப்பி 120 டிகிரிக்குச் சற்று மேல் வரை சூடேற்றுவார்கள். நீராவி காற்றைவிட லேசானது. அது மேலேயிருந்து நிரம்ப நிரம்ப, உள்ளே இருந்த காற்று அடியிலுள்ள வடிகுழாய் வழியாக வெளியேற வேண்டும். அன்று அது சரியாக வெளியேறவில்லை. அடியில் காற்று குளம் கட்டி நின்றது. மேல்தட்டுப் பாட்டில்களை நீராவி சூழ்ந்து கிருமிகளைக் கொன்றது. அடித்தட்டுப் பாட்டில்கள் வெந்நீர் அளவுக்கே சூடாயின. வெப்பத்தைத் தாளில் கோடாக வரையும் பதிவுக் கருவி, அடியில் சூடு ஏறவில்லை என்று காட்டத்தான் செய்தது. வேறு அளவிகள் சரியாக இருந்ததால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அழுத்தமானி சரியாகத்தான் இருக்கும். காற்று கலந்திருந்தாலும் அழுத்தம் அழுத்தம்தானே. உயிரோடு தப்பிய பாக்டீரியா, சர்க்கரை நீரில் மாதக்கணக்கில் வளர்ந்தது.

சோதனையில் ஏன் பிடிபடவில்லை? இங்கேதான் எனக்கு மிக முக்கியமாகப் படும் கணக்கு இருக்கிறது. ஒரு தொகுப்பில் நூற்றுக்கு ஒரு பாட்டில் கெட்டது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து 20 பாட்டில்களை எடுத்துத் திறந்து சோதிக்கிறோம். இருபதும் நல்லதாகவே அமைவதற்கான வாய்ப்பு 80 சதவீதத்துக்கும் மேல். அதாவது ஐந்துக்கு நான்கு முறை, கெட்ட பாட்டில்கள் கலந்த தொகுப்பு "சுத்தமானது" என்ற முத்திரையோடு வெளியே போய்விடும். சோதனைக்குத் திறந்த பாட்டிலை நோயாளிக்கு ஏற்றவும் முடியாது என்பதால் எல்லாவற்றையும் திறந்து பார்க்கவும் வழியில்லை. ஆகவே கடைசியில் சோதித்துத் தூய்மையை நிரூபிக்க முடியாது. ஆட்டோகிளேவின் மிகக் குளிர்ந்த மூலை எது, அங்கே எத்தனை நிமிடம் என்ன சூடு இருந்தது என்பதை முன்கூட்டியே அளந்து நிறுவியிருக்க வேண்டும். மருந்துத் தொழிற்சாலைகளில் இன்று ஒவ்வொரு படியையும் தனித்தனியாகச் சரிபார்த்து ஆவணப்படுத்தும் வழக்கம் வேரூன்றியதில் டெவன்போர்ட் மரணங்களுக்குப் பெரிய பங்குண்டு.

தொழிற்சாலையில் இவ்வளவு பாடுபட்டு அடைத்த பாட்டிலை வார்டில் என்ன செய்கிறோம்? நம் ஊரில் பல இடங்களில் அரைக் கெட்டிப் பிளாஸ்டிக் பாட்டில்கள் பயன்பாட்டில் உள்ளன. திரவம் வெளியேற வெளியேற உள்ளே வெற்றிடம் உண்டாகி, சொட்டு மெதுவாகிவிடும். உடனே ஓர் ஊசியை எடுத்துப் பாட்டிலின் மேற்பகுதியில் குத்திவிடுவார்கள். காற்று உள்ளே போகும், சொட்டு மறுபடி வேகமெடுக்கும். காய்ச்சல் வார்டின் காற்று, தூசி, கிருமியோடு வடிகட்டப்படாமல் அந்த ஊசித்துளை வழியே குளுக்கோஸுக்குள் போகிறது. இதற்கு மாற்று ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. தானாகவே சுருங்கிக் கொடுக்கும் மெல்லிய பை போதும். அதற்குக் காற்றே வேண்டாம். அர்ஜெண்டினா, பிரேசில், இத்தாலி, மெக்சிகோ ஆகிய நான்கு நாடுகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் காற்றுத் துளை தேவைப்படும் பாட்டிலிலிருந்து சுருங்கும் பைக்கு மாறியபோது, சென்ட்ரல் லைன் வழியாக ரத்தத்தில் தொற்று ஏற்படும் விகிதம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அங்கே யாருக்கும் புதிதாக அறிவுரை சொல்லப்படவில்லை. மாறியது பிளாஸ்டிக்கின் தடிமன்.

இனி எண்களுக்கு வருவோம். சொட்டுகளின் கணக்கு எளிதுதான். நம் வார்டுகளில் பரவலாகக் காணும் ஐ.வி. செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் 60 சொட்டு ஒரு மில்லி. அரை லிட்டர் திரவத்தை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமானால் சாதாரண செட்டில் நிமிடத்துக்கு 42 சொட்டு. கடிகாரத்தைப் பார்த்து எண்ணி, ரோலரைத் தள்ளிச் சரிசெய்துவிட்டு சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போகிறார். நோயாளி புரண்டு படுத்தாலும் கையை மடக்கினாலும் அந்த 42 மாறிப்போகும். "சீக்கிரம் முடிஞ்சா வீட்டுக்குப் போகலாம்" என்று துணைக்கு வந்தவர் ரோலரைத் தொட்டால் இன்னும் மோசம். இதயம் பலவீனமானவருக்கு ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர் ஏறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். தயவுசெய்து யாரும் அந்த ரோலரைத் தொடாதீர்கள்.

சொட்டெண்ணும் தொல்லையைத் தீர்க்கத்தான் மின்பம்புகள் வந்தன. மணிக்கு எத்தனை மில்லி என்று அழுத்தினால் போதும். எண்ணைச் சரியாக அழுத்த வேண்டும் என்பதுதான் புதிய சிக்கல். கனடாவின் எட்மன்டன் நகரப் புற்றுநோய் மருத்துவமனையில் 2006 ஜூலை கடைசியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நோயாளிக்கு ஃபுளூரோயுராசில் என்ற மருந்து 4 நாள்களில் மெல்ல மெல்ல ஏற வேண்டும். இடுப்பில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகக்கூடிய சிறு பம்ப். மொத்த மருந்து 5250 மில்லிகிராம், ஒரு மில்லியில் 45.57 மில்லிகிராம். செவிலியர் கணக்கிட வேண்டியது மணிக்கு எத்தனை மில்லி என்று. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து, 4 நாளால் வகுத்து, பிறகு ஒரு நாளின் 24 மணியாலும் வகுக்க வேண்டும். அவர் 4-ஆல் வகுத்ததோடு நிறுத்திவிட்டார். விடை 28.8. மருந்துப் பையின் லேபிளைப் பார்த்தார். அங்கே 28.8 என்ற எண் இருந்தது. ஒரு நாளைக்கு 28.8 மில்லி என்றும், மணிக்கு 1.2 மில்லி என்றும் இரண்டையுமே லேபிள் அச்சிட்டிருந்தது. தன் விடை சரிதான் என்று நிம்மதியடைந்தார். விதிப்படி இன்னொரு செவிலியரும் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவரும் அதே படியைத் தவறவிட்டு அதே எண்ணுக்கு வந்து சேர்ந்தார். பம்ப் 28.8-ஐ மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது. 4 நாள் மருந்து 4 மணி நேரத்தில் ஏறி முடிந்தது. அன்று அதற்கு முறிமருந்து கிடையாது. யுரிடின் டிரைஅசிட்டேட் அங்கீகாரம் பெற 2015 ஆனது. நோயாளி 22 நாள்களில் இறந்தார்.

இரண்டு பேரையும் பணிநீக்கம் செய்து கோப்பை மூடியிருக்கலாம். கனடாவின் பாதுகாப்பான மருந்துப் பயன்பாட்டு நிறுவனம் அப்படிச் செய்யவில்லை. அதே வகை பம்பையும் அதே போன்ற லேபிளையும் வேறு ஐந்து புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர்களிடம் கொடுத்து இயக்கச் சொன்னது. ஐந்து பேருமே ஏதோ ஒரு கட்டத்தில் தடுமாறினார்கள், சிலர் தவறான எண்ணையே பதித்தார்கள். அனுபவமுள்ளவர்கள், அவசரமில்லாத சூழல், உயிருள்ள நோயாளி எதிரில் இல்லை. அப்படியும் தவறு நடந்தது. தவறு செவிலியரின் தலைக்குள் மட்டும் இல்லை, லேபிளிலும் பம்பிலும் இருந்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம். தேவையற்ற 28.8 என்ற எண் லேபிளில் இல்லாமல் இருந்திருந்தால் அந்த முதல் செவிலியர் தன் விடையும் லேபிளும் பொருந்தவில்லையே என்று நின்றிருப்பார்.

மருந்தின் பெயரைத் தெரிந்துகொண்ட பம்ப் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் நினைவகத்தில் ஒவ்வொரு மருந்துக்கும் மேல்வரம்பு பதிந்திருக்கும். வரம்பை மீறினால் எச்சரிக்கும், மிக மீறினால் ஓடவே மறுக்கும். ஆனால் பம்பும் மனிதர் செய்ததுதான். 2005 முதல் 2009 வரை அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகத்துக்குப் பம்புகள் தொடர்பான தீய நிகழ்வுகள் பற்றி 56,000 அறிக்கைகள் வந்தன. 87 முறை பம்புகள் திரும்பப் பெறப்பட்டன. ஒரு வகைப் பழுதில், விசையை ஒருமுறை அழுத்தினால் இருமுறை பதிவானது. 10 என்று அழுத்த நினைத்தவருக்கு 100. பிரிட்டனின் ஆய்வாளர்கள் ஹெரால்டு திம்பிள்பியும் பால் கெய்ர்ன்ஸும் எண் பதிக்கும் முறையையே ஆராய்ந்தார்கள். இரண்டு புள்ளி வைத்த எண் போன்ற அர்த்தமற்ற பதிவுகளைப் பல கருவிகள் வாய்மூடி விழுங்கிக்கொண்டு தாமாக ஏதோ ஓர் எண்ணை எடுத்துக்கொள்கின்றன. அப்படி விழுங்காமல் "இது எண்ணே இல்லை" என்று தடுத்து நிறுத்தினால், பத்து மடங்குப் பிழைகள் நேரும் வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கலாம் என்று 2010-இல் காட்டினார்கள். மருந்துச் சீட்டிலும் இதே அக்கறை தேவை. 1.0 என்று எழுதினால் புள்ளி மங்கி 10 ஆகிவிடும். 1 என்றே எழுத வேண்டும். அரையை .5 என்று எழுதினால் 5 ஆகிவிடும், 0.5 என்று எழுத வேண்டும்.

எண் சரி, மருந்தே மாறினால்? பொட்டாசியம் குளோரைடு நம் உடலுக்குத் தேவையான உப்பு. உடல் செல்களுக்குள் பொட்டாசியம் நிறைய இருக்கிறது, வெளியே ரத்தத்தில் மிகக் கொஞ்சம். அந்த ஏற்றத்தாழ்வால்தான் இதயத் தசையில் மின்துடிப்பு ஓடுகிறது. அடர்கரைசலை நேரடியாக ஏற்றினால் ஏற்றத்தாழ்வு குலைந்து இதயம் நின்றுவிடும். ஆனால் ஆம்பூலில் அது வெறும் சலைன் போலவே தெளிவாக இருக்கும். அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் கூட்டு ஆணையம் 1998-இல் தன் முதல் எச்சரிக்கையை இதைப் பற்றித்தான் வெளியிட்டது. ஆராயப்பட்ட மரணங்களில் அடர்கரைசல் நேரடியாக ஏறிய எல்லாவற்றிலும் பொதுவாக இருந்தது ஒன்று: வார்டு அலமாரியில் அந்த ஆம்பூல் இருந்தது. பரிந்துரை எளிது. அதை வார்டிலேயே வைக்காதே, நீர்த்த பையாக மட்டும் மருந்தகத்திலிருந்து அனுப்பு. எடுக்கவே முடியாத ஆம்பூலை யாரும் தவறி எடுக்க முடியாது.

வின்கிரிஸ்டின் விவகாரம் இன்னும் வேதனையானது. நம் வீட்டு வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்து கிடைக்கும் மருந்து அது. ரத்தப் புற்றுநோய் வந்த எத்தனையோ குழந்தைகளைப் பிழைக்க வைத்தது. சிரையில் போட வேண்டிய அதைத் தண்டுவடத் திரவத்தில் போட்டுவிட்டால் மரணம் ஏறக்குறைய உறுதி. அதே குழந்தைக்கு, பல சமயம் அதே நாளில், வேறொரு மருந்தைத் தண்டுவடத்தில்தான் போட வேண்டும். இரண்டும் சிரிஞ்சில் வரும், இரண்டு சிரிஞ்சும் எந்த ஊசியிலும் பொருந்தும். உலகின் பல நாடுகளில் இந்தத் தவறு நடந்து உயிர்கள் போயின. லேபிளில் பெரிய எழுத்தில் எச்சரிக்கை அச்சிட்டும் நடந்தது. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் சொன்ன தீர்வு, வின்கிரிஸ்டினைச் சிரிஞ்சில் தராமல் சிறு பையில் நீர்த்துத் தருவது. தொங்கவிட வேண்டிய பையைக் கையில் பிடித்துக்கொண்டு முதுகில் ஊசி போட எவருக்கும் தோன்றாது.

எந்தச் சிரிஞ்சும் எந்த ஊசியிலும் பொருந்துவதற்குக் காரணம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸில் லூயர் என்பவர் உருவாக்கிய கூம்பு முனை. அது மருத்துவத்துக்குக் கிடைத்த பெரிய வசதி. ஆனால் சிரைக் குழாய், மூக்கு வழி உணவுக் குழாய், முதுகுத்தண்டு ஊசி எல்லாவற்றிலும் அதே முனை வந்துவிட்டது. உணவைச் சிரையில் ஏற்றிய கொடுமைகளும் நடந்தன. இப்போது ஐ.எஸ்.ஓ. 80369 என்ற சர்வதேசத் தர வரிசை, ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனித்தனி அளவில் முனைகளை வகுத்திருக்கிறது. உணவுக் குழாயின் முனை சிரைக் குழாயில் நுழையாது. மாறுவதற்குச் செலவு உண்டு, பழைய இருப்பைத் தீர்க்க வேண்டும் என்ற தயக்கமும் உண்டு. நம் மருத்துவமனைகள் கொள்முதல் ஒப்பந்தத்தில் இதை ஒரு நிபந்தனையாகவே வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

இவ்வளவுக்கும் பிறகு மனிதர் செய்ய வேண்டிய வேலையும் மிச்சமிருக்கிறது. சென்ட்ரல் லைன் போடும்போது ஐந்தே காரியங்கள்: கை கழுவுதல், குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடைத்தல், நோயாளியின் உடல் முழுவதையும் கிருமிநீக்கிய துணியால் மூடி, தானும் கவுன், முகக்கவசம், கையுறை அணிதல், தொடைச் சிரையைக் கூடியவரை தவிர்த்தல், தேவை முடிந்ததும் குழாயை எடுத்தல். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர் பீட்டர் புரோனவோஸ்ட் இதை ஒரு பட்டியலாக்கி, மிச்சிகன் மாநிலத்தின் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடைமுறைப்படுத்தினார். ஒரு நோயாளிக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் அது ஒரு குழாய்-நாள். ஆயிரம் குழாய்-நாளுக்குச் சராசரியாக 7.7 ஆக இருந்த ரத்தத் தொற்று, ஒன்றரை ஆண்டுக்குள் 1.4 ஆனது. இதைப் பட்டியலின் மகிமையாக மட்டும் பலர் எழுதுகிறார்கள். தொடங்கும்போது அந்தப் பிரிவுகளில் மூன்றில் ஒரு பங்கில்கூடக் குளோர்ஹெக்சிடின் இருக்கவில்லை. நிர்வாகிகள் வாங்கித் தந்தார்கள். மருத்துவர் ஒரு படியைத் தவறவிட்டால் "நிறுத்துங்கள்" என்று சொல்லும் அதிகாரம் செவிலியருக்குத் தரப்பட்டது. நம் ஊரில் எத்தனை சிஸ்டர்கள் பெரிய டாக்டரைப் பார்த்து "சார், கை கழுவலையே" என்று சொல்லிவிட்டு மறுநாள் நிம்மதியாக வேலைக்கு வர முடியும்? தாளை அச்சிடுவதைவிட இதை மாற்றுவது கடினம். இங்கிலாந்தில் இதே திட்டத்தைச் செய்தபோதும் தொற்று குறைந்தது. ஆனால் திட்டத்தில் இன்னும் சேராத பிரிவுகளிலும் கிட்டத்தட்ட அதே வேகத்தில் குறைந்தது. ஒப்பீட்டுக்கு அந்தப் பிரிவுகளையும் வைத்துப் பார்த்ததால்தான் இது தெரிந்தது.

இறுதியாக, கையில் போட்டிருக்கும் சாதாரணக் கானுலா. பல வார்டுகளில் வென்ஃப்ளான் என்ற பிராண்டுப் பெயராலேயே அதைச் சொல்கிறார்கள். அதை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டும் என்பது நெடுங்கால விதி. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 3283 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். ஒரு குழுவுக்கு விதிப்படி மாற்றம். இன்னொரு குழுவுக்கு வலி, சிவப்பு, அடைப்பு வந்தால் மட்டும் மாற்றம். சிரை வீக்கம் இரு குழுவிலும் 7 சதவீதம்தான். 2012-இல் வெளியான இந்த முடிவு பலருக்கு வீண் குத்தல்களிலிருந்து விடுதலை கொடுத்தது. ஆனால் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகள் 2018-இல் இந்த வழிக்கு மாறியபோது கானுலா சார்ந்த ரத்தத் தொற்று பல மடங்கு கூடியது. பழைய விதிக்குத் திரும்பியதும் குறைந்தது. தொற்று மிக அரிது என்பதால் மூவாயிரம் பேரிடம் தெரியாதது லட்சக்கணக்கான கானுலாக்களில் தெரிந்தது. குவீன்ஸ்லாந்து ஆய்வில் கானுலாவை ஆய்வுச் செவிலியர் நாள்தோறும் பார்த்தார்கள். பரபரப்பான வார்டில் அப்படிப் பார்க்க ஆளிருந்ததா என்பது இன்னொரு கேள்வி. விவாதம் இன்னும் முடியவில்லை. இரு தரப்பும் ஒத்துக்கொள்வது ஒன்றுண்டு. மருந்து ஏதும் ஏறாமல் வெறுமனே கையில் ஒட்டிக்கொண்டிருக்கும் கானுலாவை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். மாத்திரை விழுங்க முடிகிற, கஞ்சி குடிக்க முடிகிற நோயாளியின் கையில் அது இருந்தால், ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் "இது இன்னும் வேணுமா டாக்டர்?" என்று துணைக்கு இருப்பவர் கேட்கலாம். "அசதியா இருக்கு, ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க" என்று கேட்டு வாங்கும் அரை லிட்டர் 5 சதவீத குளுக்கோஸில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. அது ஒரு டம்ளர் பானகத்திலும் இருக்கிறது.